தாச்சியும் கையும்: சீனத் தேயிலை பதனிடற் கலையின் வரலாறு

எமது நாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறும் பொதிகளிலே ‘பீக்கோ’ என்னும் சொல் பொறிக்கப்பட்டிருத்தலை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் தொழிலாளிக்கும், அதனை ஏலத்தில் கூறி விற்கும் தரகருக்கும் அஃது ஓர் ஆங்கிலச் சொல்லாகவே தோன்றும். உண்மையில் அது தென்சீனத்துப் பூக்கியன் மாகாணத்தின் பேச்சுமொழிச் சொல்லாகும். இளந்தளிரின்மீது படர்ந்திருக்கும் வெண்மயிரைக் குறிப்பது. பழைய தேயிலை வணிகத்தில் வழங்கிய ‘சூச்சோங்’ என்பது சிறுவகை எனப் பொருள்படும். ‘போகீ’ என்பது ஊயி மலையின் பெயர் திரிந்து வந்தது. இவையனைத்தினும் கருதற்குரியது ‘கொங்கூ’ என்னும் பெயராகும். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இலண்டனுக்குச் சென்ற கருந்தேயிலையின் பெரும்பகுதி இப்பெயரையே தாங்கிச் சென்றது. இதன் மூலச்சொல் ‘குங்பூ’ என்பதாகும். முயற்சி, உழைப்பு, பயின்று பெற்ற கைத்திறன் என்பன அதன் பொருள்கள். அதனை அருந்திய ஆங்கிலேயர் தாம் ‘உழைப்பு’ என்னும் பெயருடைய பானத்தை அருந்துவதாக எண்ணியிரார். எமது ‘தேயிலை’ என்னும் சொல்லின் முற்பாதியாகிய ‘தே’யும் அதே பூக்கியன் கரையிலிருந்து ஒல்லாந்தரின் கப்பல்களிலேறி உலகிற் பரவிய சொல்லேயாம்.

தேயிலையின் வரலாறு பெரும்பாலும் வணிகத்தின் வரலாறாகவும் பேரரசுகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அபினிப் போர் பற்றியும் பொஸ்ரன் துறைமுகக் கிளர்ச்சி பற்றியும் எழுதியோர் பலர். பச்சை இலையைத் தேயிலையாக்கிய கைவினை பற்றி எழுதியோர் அவ்வளவு பலரல்லர். அக்கைவினை சீனத்தில் எவ்வாறு மாற்றமுற்றது, மாற்றத்துக்குக் காரணமாயமைந்தவை யாவை, அது சீனத்தைவிட்டு வெளியேறியபோது வெளியேறியது எது என்பவற்றை இக்கட்டுரை நோக்க முயல்கின்றது. சீனர் பொத்திக் காத்த இரகசியத்தை ஆங்கிலேயர் ஒருவர் மாறுவேடம் பூண்டு களவாடிச் சென்றார் என்னும் கதை பலரும் அறிந்ததே. அக்கதை பாதி உண்மை என்பதே எனது கருத்து. முறை எதுவென்பது அச்சிட்ட சீன நூல்களிலே பல நூற்றாண்டுகளாக இருந்தது. நூலில் இல்லாதது கை. ஆகவே கையே கூலிக்கு அமர்த்தப்பட்டது.

முதலில் இக்கலையின் இயல்பை அறிந்துகொள்ளல் வேண்டும். செடியிலிருந்து கொய்யப்பட்ட கொழுந்து அக்கணமே மாறத் தொடங்குகின்றது. இலையின் கலங்கள் சிதையும்போது அவற்றிலுள்ள பொலிபீனோல் சேர்வைகள், இலையிலேயே அமைந்த நொதியங்களின் துணையுடன் வளியிலுள்ள ஒட்சிசனோடு தாக்கமுற்றுச் செம்மையும் கபிலமும் கலந்த நிறத்தை அடைகின்றன. நறுக்கிவைத்த வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பது இவ்வகை மாற்றத்தினாலேயே. இதனை ‘நொதித்தல்’ எனக் கூறும் வழக்கு எமது தொழிற்சாலைகளில் நிலைத்துவிட்டது; நுண்ணுயிர்கள் இதற்குக் காரணமல்லவாதலின் ஒட்சியேற்றம் என்பதே பொருந்தும். சீனத் தொழிலாளர் இந்த இரசாயனத்தை அறிந்தாரல்லர். ஆனால் மாற்றத்தை எந்தக் கணத்தில் நிறுத்துவது, எந்த அளவுக்கு நிகழவிடுவது என்பதை அவர்கள் மூக்காலும் விரல்நுனியாலும் அறிந்திருந்தனர். கடுஞ்சூட்டினால் இம்மாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் செயலுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஷாசிங்’. பச்சையைக் கொல்லுதல் என்பது அதன் நேர்ப்பொருள். எழுதுவதற்குரிய மூங்கிற் சட்டங்களை நெருப்பிற் காட்டி ஈரம் போக்கும் செயலுக்கும் பழஞ்சீனத்தில் இப்பெயரே வழங்கிற்று என்பது, ஏட்டைப் பதப்படுத்தி எழுதிய மரபில் வந்த எமக்குச் சுவை தரும் செய்தியாகும்.

பச்சையை உடனே கொன்றால் பசுந்தேயிலை. இலையை வாட்டி உருட்டி முற்றாகச் சிவக்கவிட்டால் கருந்தேயிலை. சீனர் இதனைச் ‘செந்தேயிலை’ என்பர். இடைவழியில் நிறுத்தினால் ஊலோங். கொன்றபின் ஈரச்சூட்டில் மூடிவைத்தால் மஞ்சள். உருட்டாமல் வாட்டி உலர்த்தினால் வெள்ளை. நுண்ணுயிர்கள் தொழிற்படக் குவித்து வைத்தால் சீனர் ‘கருமை’ எனக் கூறும் ஆறாவது வகை. இந்த ஆறு வகைப் பாகுபாட்டை 1979 இல் ஒழுங்குபடுத்தியவர் சென் சுவான் என்னும் சீன அறிஞராவார். அவர் செடியையோ இலையின் நிறத்தையோ மட்டும் அடிப்படையாகக் கொள்ளாது பதனிடும் முறையையே அடிப்படையாகக் கொண்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரே செடியின் இலை ஆறாகின்றது, ஆறாக்குவது கை.

தேயிலை பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று கி.மு. 59 இல் வாங் பாவோ என்பவர் எழுதிய அடிமை ஒப்பந்தமாகும். நகைச்சுவை கலந்த அவ்வாவணத்தில், ஏவலாள் செய்யவேண்டிய எண்ணற்ற வேலைகளுள் தேயிலை காய்ச்சுவதும், சந்தைக்குச் சென்று தேயிலை வாங்கிவருவதும் இடம்பெறுகின்றன. அங்குள்ள எழுத்து தேயிலையையே குறிக்கின்றதா, வேறொரு கசப்புக் கீரையையா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எவ்வாறாயினும், தேயிலை வரலாற்றின் வாயிலிலேயே நாம் சந்திப்பது ஓர் அடிமையின் உழைப்பை என்பது தற்செயலானதன்று எனத் தோன்றுகின்றது.

பதனிடல் பற்றிய தெளிவான விவரணம் தாங் வம்சக் காலத்திலேயே கிடைக்கின்றது. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லூ யூ இயற்றிய ‘சா சிங்’ என்னும் தேயிலை நூல் ஏழு செயல்களைக் கூறுகின்றது: கொய்தல், நீராவியில் அவித்தல், உரலில் இடித்தல், அச்சிலிட்டுத் தட்டுதல், நெருப்பில் உலர்த்தல், கோத்தல், பொதிதல். மழைநாளிற் கொய்யலாகாது, முகில் மூடிய நாளிலும் கொய்யலாகாது. அக்காலத் தேயிலை இன்று நாம் அறிந்த தூளோ இலையோ அன்று. துளையிட்டுக் கோத்த அடை. அதனை வாட்டிப் பொடித்துக் கொதிநீரிலிட்டு உப்புச் சேர்த்து அருந்தினர். வெங்காயம், இஞ்சி, தோடம்பழத் தோல் முதலியன சேர்ப்போரை லூ யூ கடிந்துரைக்கிறார். அவரது காலத்திலேயே அரண்மனைக்குத் திறைத்தேயிலை அனுப்பும் கூடம் கூசூ மலையில் நிறுவப்பட்டது. 793 இல் தேயிலைமீது பத்திலொன்று வரியும் விதிக்கப்பட்டது. அன்றுமுதல் இக்கைவினையை அரசின் கண் அகலாது நோக்கிற்று.

திறைமுறை தன் உச்சத்தை எய்தியது சொங் வம்சக் காலத்திலாகும். பூக்கியனில் அமைந்திருந்த பேயுவான் அரசதோட்டத்தின் நடைமுறைகளை 1186 அளவில் எழுதப்பட்ட ஒரு நூல் விரிவாகத் தருகின்றது. விடியுமுன் முரசறைந்து ஆட்களைத் திரட்டுவர். ஒவ்வொருவரும் அடையாளச் சீட்டுப் பெற்று மலையேறுவர். பகலவன் ஏறிய சில நாழிகையிற் சேகண்டி ஒலிக்க, கொய்தல் நிறுத்தப்படும். விரற்சதையின் வெம்மையும் வியர்வையும் பட்டாற் கொழுந்து கெடுமென்று நகத்தாலேயே கிள்ளவேண்டும். கொய்ததைத் தரம் பிரித்து, கழுவி, அவித்து, பின்னர் அழுத்தி அதன் சாற்றை வெளியேற்றுவர். மிஞ்சியதை நீர் வார்த்து மென்மையாக அரைத்து, நாகமும் பீனிக்சுப் பறவையும் செதுக்கிய அச்சுகளில் வார்ப்பர். 1120 அளவில் இது மேலும் நுணுகியது. தளிர்மொட்டின் புறவிதழ்களை உரித்தெறிந்து, உள்ளே வெள்ளிநூல் போன்று நிற்கும் நடுநரம்பை மட்டும் தெளிந்த ஊற்றுநீரிலிட்டு எடுத்து அடை செய்தனர். பேரரசர் ஹுயிசொங் தாமே 1107 இல் தேயிலை பற்றி ஒரு நூல் எழுதியவர். கலையின் நுட்பம் என்ற வகையில் இவை வியப்பூட்டுகின்றன. ஆயினும் ஒரு செடியின் பயனை இவ்வாறு சுருக்கிச் சுருக்கி ஒரு நூலிழையாக்கிய அருமைப்பாட்டின் பின்னே, முரசொலிக்கு விழித்தெழுந்து மலையேறிய கூட்டத்தின் உழைப்பு நின்றதை மறத்தலாகாது.

1391 இல் மிங் வம்சத்தை நிறுவிய ஹுங்வூ பேரரசர் இவ்வடைத் தேயிலையைத் திறையாக அனுப்புவதை நிறுத்தி, உதிரிக் கொழுந்தையே அனுப்புமாறு ஆணையிட்டார். மக்களின் உழைப்பை அடைத் தேயிலை மிகவும் வருத்துகின்றது என்பதே கூறப்பட்ட காரணம். அவர் வறிய உழவர் குடும்பத்திற் பிறந்தவர் என்பதை இங்கு நினைவுகூரலாம். இவ்வாணையே உதிரித் தேயிலையைப் படைத்ததென்று சிலர் எழுதுவர். அது பொருந்தாது. இலையைத் தாச்சியில் வறுத்தல் பற்றிய குறிப்பு, 842 இல் மறைந்த தாங் காலக் கவிஞர் லியு யூசியின் பாடலொன்றிலேயே உண்டு. 1313 இல் வாங் சென் எழுதிய வேளாண்மை நூல், கொழுந்தை இலேசாக அவித்து, மெல்லப் பரப்பி, ஈரம் உள்ளபோதே சற்று உருட்டி, நெருப்பில் உலர்த்தும் முறையைக் கூறுகின்றது. பொதுமக்கள் உதிரித் தேயிலையை முன்னரே செய்தும் அருந்தியும் வந்தனர். பேரரசர் செய்ததெல்லாம் அரண்மனையின் சுவையை மக்களின் வழக்கத்தோடு இணைத்தமையே. எனினும் விளைவு பெரிது. அடை செய்யும் அச்சும் அழுத்தும் பொறியும் அரைகல்லும் தம் மேன்மையை இழந்தன, தாச்சி மேலெழுந்தது. திபெத்தியருக்கும் ஏனைய எல்லைப்புற மக்களுக்கும் செல்லும் அடைத்தேயிலை மட்டும் தொடர்ந்து செய்யப்பட்டது. அவிக்கும் முறையோ யப்பானிலே தங்கி, அங்கு இன்றுவரை பசுந்தேயிலையின் பொதுமுறையாக விளங்குகின்றது.

வறுக்கும் முறையின் நுணுக்கங்களைப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்த நூல்களிற் காணலாம். 1597 இல் தமது தேயிலை நூலை எழுதிய சூ சிஷு, தாச்சி பற்றியும் விறகு பற்றியும் கூறுவன, அடுப்படியில் நின்றவரே எழுதக்கூடியன. புதிய இரும்பாகாது, இரும்பின் வாடை ஏறினால் மணம் மீளாது. எண்ணெய்ப் பிசுக்கு அதனினுங் கேடு. ஆகவே தேயிலைக்கெனத் தனித் தாச்சி வேண்டும். விறகு மரக்கிளைகளாக மட்டும் இருத்தல் வேண்டும்; அடிமரம் கடுந்தீயாக எரியும்; இலைச்சருகு சட்டெனப் பற்றிச் சட்டென அவியும். ஒரு தாச்சியில் ஒரு முறைக்கு நான்கு ‘லியாங்’ இலைக்கு மேல் இடலாகாது. ஒரு கைப்பிடியளவுக்குச் சற்று மேற்பட்ட அவ்விலையைச் சிறிதுநேரம் மெல்லிய தீயில் இளக்கி, பின்னர் தீயைக் கூட்டி விரைந்து கிளறி, மணம் எழுந்த கணத்தில் எடுத்துவிட வேண்டும். 1630 அளவில் எழுதிய வென் லுங், வறுக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்று விசிறவேண்டும் என்கிறார். ஆவி தங்கினால் இலை மஞ்சளாகி மணமும் சுவையும் குன்றும். தாச்சியிலிருந்து இறக்கியதும் அகன்ற தட்டிற் கொட்டி மீண்டும் விசிறி, சூடு தணிந்தபின் கையால் உருட்டி, மறுபடி மெல்லிய தீயில் உலர்த்தல் வேண்டும்.

இக்குறிப்புகளைப் படிப்போர் ஒன்றை உணர்வர். அளவு கூறப்படுகின்றது, விறகு கூறப்படுகின்றது, விசிறி கூறப்படுகின்றது, ஆனால் ‘மணம் எழுந்த கணம்’ எதுவென்று எவரும் கூறவில்லை. அது கூறுதற்கு இயலாதது. எழுதியவர் படித்த வகுப்பினர். வறுத்தவரிற் பெரும்பாலோர் குடியானவரும் துறவிகளும். அன்ஹுயியின் ஹுயிசௌ நிலப்பகுதியிற் புகழ்பெற்ற சுங்லோ பசுந்தேயிலை ஒரு பௌத்தத் துறவியின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றது. அங்கு தேர்ந்த வறுத்தல் முறையே பின்னர் தெற்கே ஊயி மலைக்குச் சென்று, எதிர்பாராத மாற்றமொன்றுக்கு வித்திட்டது.

செங்குத்தான பாறைகளுக்கிடையே தேயிலை வளரும் ஊயி மலையிற் கொய்த இலை கூடத்தை வந்தடைய நேரமாகும். வரும் வழியிற் கூடையிலேயே அது குலுங்கி, ஓரங்கள் நசுங்கிச் சிவக்கத் தொடங்கும். வேறோரிடத்திற் குற்றமாகக் கருதப்பட்டிருக்கக்கூடிய இதனை இம்மலையினர் முறையாக்கினர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங் சாவோதாங் எழுதிய குறிப்பொன்றை 1734 இல் லூ திங்சான் தமது தொகுப்பு நூலிற் சேர்த்துள்ளார். இலையை மூங்கிற் தட்டுகளிற் பரப்பி வெயிலுக்கும் காற்றுக்கும் காட்டுவர். பச்சை மெல்லக் குன்றியபின் தாச்சியில் வறுப்பர். பின் கரிநெருப்பில் உலர்த்துவர். வேறிடங்களில் வறுத்தலோ உலர்த்தலோ ஒன்றுதான். ஊயியில் இரண்டும் உண்டு. ஆகவே ஊறிய இலை பாதி பச்சையும் பாதி சிவப்புமாக இருக்கும் என்பது அக்குறிப்பின் செய்தி. ஊலோங் முறையின் தெளிவான விவரணம் இதுவேயாகும்.

முற்றாகச் சிவந்த தேயிலையும் இம்மலைத்தொடரிலேயே தோன்றிற்று. துங்மு கிராமத்திற் படைவீரர் வந்து தங்கியதால் வறுத்தல் தாமதப்பட்டு இலை சிவந்ததெனவும், அதைக் காப்பாற்றத் தேவதாரு விறகின் புகையில் அவசரமாக உலர்த்தினரெனவும் ஒரு கதை வழங்குகின்றது. இத்தகைய கதைகளை நான் ஐயத்தோடேயே நோக்குவேன். ஒரு தலைமுறையின் சிறுசிறு முயற்சிகளை ஓரிரவின் விபத்தாகச் சுருக்கிவிடுதல் மக்கட் கற்பனையின் இயல்பு. ஆயினும் கதை ஒன்றைச் சரியாகவே சுட்டுகின்றது. கருந்தேயிலை சீனரின் சுவைக்காகப் பிறந்ததன்று. கடல்கடந்த வாங்குவோர் அதனை விரும்பியமையாலேயே அது வளர்ந்தது. நீண்ட கடற்பயணத்தைப் பசுந்தேயிலையிலும் நன்கு தாங்கியமையும் அதற்குத் துணைநின்றது.

இனி, வாங்கியோர் இதுபற்றி அறிந்திருந்தது யாது என நோக்குவோம். 1757 முதல் 1842 வரை ஐரோப்பிய வணிகர் கன்ரன் துறைமுகத்துக்கு அப்பாற் செல்ல அனுமதிக்கப்படவில்லை. தேயிலை விளையுமிடத்தைக் காணாமலே அவர்கள் அதைக் கோடிக்கணக்கான இறாத்தலாக வாங்கினர். தாவரங்களுக்குப் பெயரிட்ட பேரறிஞர் லினேயசு, 1762 இல் வெளியிட்ட தமது நூலின் இரண்டாம் பதிப்பிற் பசுந்தேயிலைச் செடி வேறு, போகீத் தேயிலைச் செடி வேறு என இரண்டு இனங்களாகப் பிரித்துவிட்டார். கைவினையின் விளைவைத் தாவரத்தின் இயல்பெனக் கொண்ட இப்பிழை, உழைப்பைக் காணாத கண்ணுக்கு நேரக்கூடிய பிழையாகும். அது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்தது.

ஒல்லாந்தர் 1820களின் பிற்பகுதியிலிருந்து யாவாவுக்குச் சீனத் தொழிலாளரையும் விதைகளையும் கொண்டுசென்றனர். ஆங்கிலேயர் 1834 இல் கல்கத்தாவில் ஒரு தேயிலைக் குழுவை அமைத்துத் தம் ஆளைச் சீனத்துக்கு அனுப்பினர். அசாமில் காடுகளிலேயே தேயிலை வளர்வதைச் சிங்போ மக்கள் அறிந்திருந்தனர். ஆங்கிலேயரும் அதனை அப்போதே அறிந்துவிட்டனர். செடி கையிலிருந்தது, செய்முறை இல்லை. ஆகவே சீனத் தொழிலாளர் சிலர் மேல் அசாமிலுள்ள சடியாவுக்கு வருவிக்கப்பட்டனர். அவர்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, சி. ஏ. புரூஸ் என்பவர் 1838 இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அந்நூலை நான் இவ்வரலாற்றின் மிக முக்கியமான ஆவணமாகக் கருதுகிறேன். சாய்வான சட்டத்தில் வைத்த வட்ட மூங்கிற் தட்டுகளில் இலை வெயிலில் வாட்டப்படுகின்றது. நிழலுக்குக் கொணர்ந்து சற்றே குளிரவிட்டபின், இரு கைகளாலும் அள்ளி, கைகளுக்கிடையே மெல்லத் தட்டித் தட்டி உதிர்க்கிறார்கள். மீண்டும் தட்டில் வைத்து ஓய்வளிக்கிறார்கள், மீண்டும் தட்டுகிறார்கள். மூன்று முறை செய்தபின் இலை தொடுகைக்கு மென்தோல் போலாகின்றது. பின்னர் காய்ந்த இரும்புத் தாச்சி, பின் மேசைமேல் உருட்டல், மறுபடி தாச்சி, மறுபடி உருட்டல். இறுதியாக, இடை சிறுத்த உடுக்கை வடிவக் கூடையின் நடுவே சல்லடை வைத்து, அதன்மேல் இலையைப் பரப்பி, கரிநெருப்பின்மீது உலர்த்துகிறார்கள். ஓர் இலை நெருப்பில் வீழ்ந்தாலும் புகை எழுந்து முழுவதையும் கெடுத்துவிடும். ஆகவே கூடையை நெருப்பில் வைக்குமுன் அப்பால் நின்று தட்டி, உதிரவேண்டியதை உதிரச்செய்வர்.

‘மென்தோல் போல’ என்னும் அச்சிறு உவமையைக் கவனிக்க வேண்டும். சீன அறிஞர் எழுதாதுவிட்டதை எழுத முயன்ற முயற்சி அது. அதற்குமேல் எழுத்தாற் செல்ல இயலவில்லை. நூல் வெளியான அதே 1838 இல் அசாமிலிருந்து அனுப்பப்பட்ட எட்டுப் பெட்டித் தேயிலை 1839 சனவரியில் இலண்டனில் ஏலம் விடப்பட்டது. அவ்வாண்டு உருவான அசாம் கம்பனியோ, சீனரெனின் தேயிலைக் கலை அறிந்தவரே என்ற எண்ணத்தில், சிங்கப்பூர் முதலிய துறைமுகங்களிற் கிடைத்த சீனரையெல்லாம் திரட்டியது. அவர்களுட் பலர் தேயிலைச் செடியையே கண்டறியாதவர். வழியிலேயே கலகம் மூண்டு அத்திட்டம் குலைந்தது. லினேயசு திறனைச் செடிக்குரியதாக்கினார். கம்பனி அதனை இனத்துக்குரியதாக்கியது. இரண்டும் ஒரே வகைப் பிழை.

மாறுவேடக் கதையின் நாயகர் ரொபேட் போர்ச்சூன் இதன் பின்னரே வருகிறார். 1848 இல் முன்தலை மழித்துச் சடைப்பின்னல் பூண்டு அவர் சுங்லோ மலைக்குச் சென்றார். பின்னர் ஊயி மலைக்கும் சென்றார். பசுமையும் கருமையும் ஒரே இனச்செடியிலிருந்து வருவன என்பதை அவர் நேரிற் கண்டு உறுதிசெய்தார். இன்னொன்றையும் கண்டார். ஏற்றுமதிக்குரிய பசுந்தேயிலையைப் பிரசியநீலம் என்னும் சாயமும் சிப்சமும் இட்டு நிறமூட்டிக் கொண்டிருந்தனர். தொழிலாளரின் கைகள் நீலமாக இருந்தன. சீனர் அதனைத் தாம் அருந்துவதில்லை. அந்நிறத்தை விரும்பியவர் அந்நியரே. இதனைச் சீனரின் வஞ்சகத்துக்குச் சான்றாக இங்கிலாந்திற் காட்டினர். பெர்லினிற் பிறந்த அச்சாயம் சீனத்துக்கு எவ்வாறு வந்ததென்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. 1851 இல் போர்ச்சூன் செடிகளோடும் விதைகளோடும் தொழில் தேர்ந்த ஒரு சிறு சீனக் குழுவையும் அழைத்துக்கொண்டு கல்கத்தாவை அடைந்தார். அவர்கள் இமயமலைச் சாரலிலுள்ள அரசாங்கத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். போர்ச்சூனின் பெயரை உலகம் அறியும்; அவர்களை அவ்வாறு அறியாது.

அக்காலச் சீனக் கூடங்கள் அமைதியான பழங்கலையின் இருப்பிடங்களாக விளங்கின என எண்ணிவிடலாகாது. ஊயி மலைக்குக் கியாங்சி மாகாணத்திலிருந்து ஆண்டுதோறும் கூலியாட்கள் கூட்டங்கூட்டமாக வந்தனர். அன்ஹுயியின் வறுக்குங் கூடங்களில் ஊதுவத்தி கொளுத்தி, அது எரிந்து முடியும் நேரத்தைக் கொண்டு வேலை அளக்கப்பட்டது. கடிகாரமும் இயந்திரமும் இல்லாமலே உழைப்பைக் கணக்கிட்டுப் பிழியும் முறையொன்றை உலகச் சந்தை அங்கே உருவாக்கியிருந்தது.

இக்கலை எமது நாட்டை வந்தடைந்த வரலாறு இதன் தொடர்ச்சியே. புசல்லாவையில் வேம்ஸ் சகோதரர் 1841 இல் சீனச் செடிகளை நட்டு, ஒரு சீனரைக் கொண்டு தேயிலை செய்வித்தனர், அது நிலைக்கவில்லை. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலருக்கு வாட்டலையும் உருட்டலையும் காட்டிக்கொடுத்தவர் கச்சாரிலிருந்து வந்த ஒரு தோட்டக்காரர். டெயிலரின் விறாந்தையே தொழிற்சாலை. மேசைகளிற் பரப்பிய கொழுந்தைத் தொழிலாளர் மணிக்கட்டு முதல் முழங்கைவரை பயன்படுத்தி உருட்டினர். மண் அடுப்பிற் கரிநெருப்பின்மேல் கம்பித்தட்டில் உலர்த்தினர். சடியாவில் புரூஸ் கண்ட அதே செயல்கள், தமிழ்நாட்டிலிருந்து மலையகம் வந்த மக்களின் கைகளுக்கு மாறியிருந்தன. ஆனால் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. தாச்சி இல்லை. வாட்டி, உருட்டி, சிவக்கவிட்டு, உலர்த்தும் நேர்ப்பாதை மட்டுமே வந்தது. சீனர் இடையிடையே தாச்சிக்குத் திரும்பிச் சென்ற நுட்பம் வழியில் உதிர்ந்துவிட்டது. உருட்டலும் உலர்த்தலும் இயந்திரத்துக்கு இசைந்தவை. 1872 இல் டெயிலர் உருட்டும் இயந்திரத்தை அமைத்தார். அசாமில் வில்லியம் ஜக்சனும் அக்காலத்திலேயே தமது இயந்திரத்தை இயக்கினார். மணம் எழும் கணத்தை அறியும் விரலுக்கு இயந்திரம் தேவைப்படவில்லை. ஆகவே இயந்திரத்துக்கும் அவ்விரல் தேவைப்படவில்லை.

பின் நிகழ்ந்தது விரைவில் நிகழ்ந்தது. சீனத் தேயிலை ஏற்றுமதி 1886 இல் உச்சத்தை எட்டிச் சரியத் தொடங்கியது. 1880களின் முடிவிற்குள் பிரித்தானியச் சந்தையில் இந்தியத் தேயிலை சீனத் தேயிலையை விஞ்சியது. வியர்வைக் கைகளாலும் கால்களாலும் பிசையப்பட்டது சீனத் தேயிலை, கைபடாத தூய்மையுடையது எமது தேயிலை என விளம்பரம் செய்தனர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எக்கைகளைத் தேடிக் கப்பல்கள் சென்றனவோ அக்கைகளே இப்போது அருவருப்புக்குரியனவாயின.

1905 இல் சீன அரசாங்கத்தின் சார்பில் செங் ஷிகுவாங் என்னும் அதிகாரி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பப்பட்டார். தேயிலை செய்வது எவ்வாறு என்று கற்றுவருவதே அவர் பணி. தொழிற்சாலைகளைப் பார்வையிட்டு, இயந்திரமுறையைச் சீனத்திலும் மேற்கொள்ள வேண்டுமென அறிக்கையிட்டார். பீக்கோவும் சூச்சோங்கும் என்று தன் நாட்டுச் சொற்களையே எங்கள் தொழிற்சாலைப் பெட்டிகளிற் கண்டபோது அவர் மனத்தில் என்ன எழுந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. 1930களிற் சீனத் தேயிலையியலின் முன்னோடியான ஊ சுவேநுங்கும் இவ்வழியே வந்து சென்றார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சீனக் கூடங்களிலும் இயந்திரங்கள் நிறைந்தன.

2022 நவம்பரில் மொறொக்கோவின் றபாத் நகரிற் கூடிய யுனெஸ்கோ குழு, சீனாவின் மரபுவழித் தேயிலை பதனிடல் நுட்பங்களையும் அவற்றோடிணைந்த சமூக வழக்கங்களையும் மனிதகுலத்தின் தொட்டுணரவியலாப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஹாங்சௌ நகரின் மேற்கு ஏரியை அடுத்த மலைகளில் லுங்சிங் பசுந்தேயிலையைக் கையால் வறுப்போர் இன்றும் உளர். விறகு போய் மின்சாரம் வந்துவிட்டது. ஆயினும் வசந்தத்தின் முதற்கொழுந்தைச் சில மணிநேரம் பரப்பிவைத்து, வெறுங்கையாலேயே தாச்சியில் அழுத்தியும் அளைந்தும் உதறியும் இருமுறை வறுக்கிறார்கள். ஓர் இறாத்தல் தேயிலைக்கு நான்கைந்து இறாத்தல் கொழுந்து செல்லும். புதிதாகப் பழகுவோரின் விரல்கள் கொப்புளிக்கும். ஒவ்வோராண்டும் பருவம் தொடங்கும்போது தேர்ந்தவர்க்கும் அது சில நாள் நேர்வதுண்டு.